மின்வலு வழங்கியும் அதன் மேலட்டை மொழியும்: கல்முனைச் சந்தையை முன்வைத்துச் சில குறிப்புகள்

கணினியின் மின்வலு வழங்கியைப் பற்றித் தமிழ்ச் சங்க ஆய்விதழ் ஒன்றில் எழுதுவது பொருத்தமானதா என்று வினவுவோர் இருக்கலாம். பொறியியலாளரின் வேலையை இலக்கிய மாணவர் ஏன் மேற்கொள்ள வேண்டும் என்பதும் நியாயமான வினாவே. ஆயின் நாம் இங்கு ஆராய எடுத்துக்கொள்வது பெட்டிக்குள் இருக்கும் சுற்றை மட்டுமன்று. பெட்டியின்மேல் ஒட்டப்பட்டிருக்கும் தாளையுமாகும். அத்தாளில் எழுத்து இருக்கிறது, எண் இருக்கிறது. எழுதியவருக்கு ஒரு நோக்கமும் வாசிப்பவருக்கு ஓர் எதிர்பார்ப்பும் இருக்கின்றன. இவையனைத்தும் பொருந்திய ஒன்றைப் பனுவல் என்று கொள்வதில் தவறில்லை. கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் பிரதான வீதிகளில் காசு கொடுத்து வாங்கப்படும் பனுவல்களுள் இதுவும் ஒன்று. கவிதைத் தொகுதிகளைவிட இது கூடுதலாக விலைபோகிறது என்றால் எம் கவிஞர்கள் கோபிக்கமாட்டார்கள் என நம்புகிறோம்.

இப்பிரதேசத்தில் கணினி ஆடம்பரப் பண்டமாக இருந்த காலம் கழிந்துவிட்டது. ஒளிப்பிரதி நிலையம், அச்சமைப்புக் கூடம், ரியூசன் வகுப்பு, உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் கற்கும் பிள்ளையின் வீடு ஆகியவற்றில் அது ஓர் உழைப்புக் கருவி. உதிரிகளாக வாங்கிப் பொருத்துவோர், முதன்மைப் பகுதிகளுக்கும் திரைக்கும் பணம் ஒதுக்கியபின் மிஞ்சுவதைக் கொண்டே மின்வலு வழங்கியை வாங்குகின்றனர். பல வேளைகளில் அது கணினிக் கூட்டுடன் சேர்ந்து, தனி விலை குறிக்கப்படாமலே வந்துவிடுகிறது. கடைகளில் அதற்குப் 'பவர்' என்பதே பெயர். "எத்தனை பவர்?" என்று கேட்டால் ஓர் எண் பதிலாகக் கிடைக்கும். அவ்வெண்ணின் உண்மைப் பெறுமதி யாது என்பதே எமது ஆய்வுப் பொருள்.

கருவியின் தொழிற்பாட்டைச் சுருக்கமாக அறிதல் அவசியம். சுவரிலிருந்து வரும் 230 உவோற்று ஆடலோட்டத்தை இது முதலில் ஏறக்குறைய 325 உவோற்று நேரோட்டமாக மாற்றுகிறது. அதனைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை துண்டித்து, சிறிய நிலைமாற்றி ஒன்றினூடாகச் செலுத்தி, 12, 5, 3.3 உவோற்று என்னும் மூன்று முக்கிய வெளியீடுகளைத் தருகிறது. முன்னர் பாரமான இரும்பு நிலைமாற்றி செய்த வேலையை இன்று உள்ளங்கையளவு பொருள் செய்வது இத்துண்டிப்பின் பயனே. செலவைக் குறைக்க விரும்பும் உற்பத்தியாளன் கைவைக்கக்கூடிய இடங்கள் இங்கு பல உள. உள்வழியிலுள்ள வடிகட்டியை விட்டுவிடலாம்; கம்பியை மெலிதாக்கலாம்; 105 பாகை வெப்பத்துக்குரிய மின்பகு கொள்ளளவிக்குப் பதிலாக 85 பாகைக்குரியதை இடலாம்; சுமை மீறும்போது தானாக நின்றுவிடும் காப்பையே நீக்கிவிடலாம். இவ்வளவையும் செய்தபின்னரும் கணினி வாங்கிய அன்று இயங்கும். மின்பகு கொள்ளளவியின் வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை உயரும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பொதுவிதி. எனவே இக்குறைகள் விற்பனை நாளில் அல்ல, உத்தரவாதக் காலம் கடந்தபின்னரே தலைகாட்டுகின்றன. அதுவும் எம் கரையோரத்துக் கோடையில் சற்று விரைவாகவே.

இனி மேலட்டைக்கு வருவோம். பெட்டியின் முகப்பில் 450 என்று பெரிதாக அச்சிட்டிருப்பதாகவும், பக்கத்தில் உள்ள சிறிய அட்டவணையில் 12 உவோற்றுக்கு 15 அம்பியர், 5 உவோற்றுக்கு 25 அம்பியர், 3.3 உவோற்றுக்கு 22 அம்பியர் என்று கண்டிருப்பதாகவும் கொள்வோம். உவோற்றையும் அம்பியரையும் பெருக்கினால் உவாற்று வரும் என்பது பாடசாலைப் பாடம். 12 உவோற்று வழியில் கிடைப்பது 180 உவாற்று, 5 உவோற்றில் 125, 3.3 உவோற்றில் 72.6. எதிர் 12 உவோற்றில் அரை அம்பியரும், காத்திருப்பு நிலைக்கான 5 உவோற்றில் 2 அம்பியரும் சேர்த்தால் மேலும் 16. எல்லாவற்றையும் கூட்டினாலும் 393.6 உவாற்றே வருகிறது. முகப்பின் 450ஐ அதே பெட்டியின் பக்கவாட்டு அட்டவணை மறுக்கிறது. முரண்பாட்டைக் காண்பதற்குப் பெட்டியைத் திறக்கவும் வேண்டியதில்லை.

இக்கூட்டல்கூட உற்பத்தியாளனுக்குச் சலுகை காட்டுவதே. 1995இல் இன்ரெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ். நியமத்தை வகுத்த காலத்தில் கணினியின் வலு பெரும்பாலும் 5, 3.3 உவோற்று வழிகளிலேயே செலவாயிற்று. 2000ஆம் ஆண்டில் பென்ரியம் 4 வந்தது தொடக்கம் செயலிக்குரிய வலு 12 உவோற்று வழிக்கு இடம்மாறியது. பின்னர் வந்த வரைவியல் அட்டைகளும் அவ்வழியையே நாடின. ஆதலின் இன்றைய கணினி ஒன்றுக்கு மேற்சொன்ன பெட்டியால் பயன்படுவது 180 உவாற்றும் அதற்குமேல் சிறிதளவுமே. எஞ்சியவை பயனற்ற வழிகளில் தேங்கிய கணக்கு. எதிர் 5 உவோற்று என்றொரு வரி அட்டவணையில் இன்னும் காணப்படுமாயின் ஐயம் வலுக்கும். அவ்வெளியீடு 2003ஆம் ஆண்டளவில் நியமத்திலிருந்து நீக்கப்பட்டது. பழைய வரைபடம் ஒன்று புதிய தாள் போர்த்தி வந்திருக்கிறது என்பதற்கு அவ்வரி சான்றாகலாம்.

முகப்பிலுள்ள 450ஐ இன்னொரு முறை நோக்குதல் தகும். பல பெட்டிகளில் அவ்வெண்ணுக்குப் பக்கத்தில் அலகு இராது. உவாற்று என்ற சொல்லோ அதன் குறியோ இன்றி, மாதிரியின் பெயரில் ஓர் உறுப்பாக மட்டுமே அது நிற்கும். நன்னூல் கற்ற மாணவருக்கு இதை விளக்குவது எளிது. இடுகுறியாக இட்ட ஒன்று காரணப்பெயர்போல் வாசிக்கப்படுமாறு அமைக்கப்பட்டுள்ளது. வாங்குபவர் அதைக் கூற்றாகக் கொள்கிறார். வழக்கு வருமாயின் விற்பவர் அது வெறும் பெயரே என்பார். அலகு உள்ள இடத்திலும் 'உச்சம்' என்ற அடைமொழி சேர்ந்துவிடுகிறது. எத்தனை செக்கன் நேரத்துக்கு உச்சம், எவ்வெப்பநிலையில் உச்சம் என்பவை சொல்லப்படுவதில்லை. பொய் என்று நிறுவ முடியாத வாக்கியத்தை ஆக்குவதற்கு மொழியறிவு வேண்டும். இத்தாள்களை ஆக்குவோரிடம் அது குறைவாக இல்லை.

வலுவின் அளவே வணிகக் கூற்றாகப் பிறந்த ஒன்று என்பது பலருக்கு வியப்பளிக்கும். 1780களில் ஜேம்ஸ் வாற் தம் நீராவி எந்திரத்தை ஆலை உடைமையாளருக்கு விற்க முயன்றபோது, அதுவரை குதிரைகளைப் பூட்டி ஆலை ஓட்டியவர்களுக்கு விளங்கும் மொழி தேவைப்பட்டது. சுரங்கங்களில் பழைய நியூக்கொமன் எந்திரத்துடன் ஒப்பிட்டு, மிச்சமாகும் நிலக்கரியின் பெறுமதியில் மூன்றிலொரு பங்கைக் கட்டணமாகப் பெற இயன்றது. குதிரையோ நிலக்கரி தின்பதில்லை. எனவே நிமிடத்துக்கு 33,000 அடி-இறாத்தல் வேலையை ஒரு குதிரைவலு என வகுத்தார். சாதாரணக் குதிரை நாள் முழுவதும் அவ்வளவு செய்யாது. வாங்கியவர் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே எந்திரம் உழைத்தது. அவருடைய பெயரை அலகுக்கு இடுமாறு 1882இல் முன்மொழியப்பட்டது. அதே பெயர் எண்ணைப் பெருப்பிக்கும் கருவியாயிற்று என்பதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. வாற் நல்லவர், பின்வந்தோர் தீயவர் என்று இதை விளக்குதல் அறிவியல் நோக்காகாது. எந்திரம் ஆலையில் நின்றது. குறைந்தால் முதலாளி கட்டணத்தை நிறுத்துவார். அளப்பதற்கான ஆற்றலும் தண்டிப்பதற்கான பலமும் வாங்குபவரிடம் இருந்தன.

கிழக்குக் கரைக்கு உவாற்றுப் பெருக்கம் கணினியோடு வந்ததன்று. மத்திய கிழக்குக்கு உழைக்கச் சென்றோர் 1980களில் கொண்டுவந்த கசெற் வானொலிகள் பலவற்றின் முகப்பில் பி.எம்.பி.ஓ. என்ற எழுத்துகளும் பல நூறு உவாற்று என்ற எண்ணும் பளபளத்தன. அத்தகைய பெட்டியின் முதுகைத் திருப்பினால், அது சுவரிலிருந்து எடுக்கும் வலு சில பத்து உவாற்று என்று அச்சிட்டிருக்கும். எடுப்பதைவிடப் பன்மடங்கு கொடுக்கும் எந்திரத்தை இயற்கை அனுமதிப்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் ஒலிபெருக்கி உற்பத்தியாளரிடையே இதே போட்டி முற்றியபோது, அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 1974இல் ஒரு விதியை ஆக்கிற்று. உவாற்றை விளம்பரப்படுத்துபவர் தொடர்ச்சியான வலுவையே சொல்ல வேண்டும். அளக்குமுன் கருவி தன் வலுவின் மூன்றிலொரு பங்கில் ஒரு மணிநேரம் ஓடிச் சூடேற வேண்டும் என்றும் அவ்விதி பணித்தது. பின்னாளில் இந்நிபந்தனை தளர்த்தப்பட்டது. 2024இல் விதி மீண்டும் திருத்தப்பட்டது. அவ்விதி செல்லாத சந்தைகளில் பி.எம்.பி.ஓ. செழித்தது. நேர்மை உற்பத்தியாளனின் இயல்பாக இருந்திருப்பின் நாட்டுக்கு நாடு அது மாறியிராது.

எமது சந்தையில் மூவகை மின்வலு வழங்கிகளை ஒப்பிடலாம். முதல்வகை, கூட்டுடன் வரும் பெயரறியாப் பெட்டி. மேலே விபரித்தது அதனையே. இரண்டாவது, சான்றிதழ்ச் சின்னம் தாங்கிய புதிய பெட்டி. மூன்றாவது, வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்த கணினிகளோடு வரும் பழைய அலகு. இம்மூன்றாவது வகைமீது எமக்குத் தனி அக்கறையுண்டு. டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 சிறுகூட்டு மாதிரியின் மின்வலு வழங்கி 240 உவாற்று என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறது. 450 என்று சொல்லும் முதல்வகைப் பெட்டியின் பக்கத்தில் வைத்தால் வாங்குபவரின் கண்ணுக்கு அது ஏறத்தாழப் பாதி. ஆனால் அந்த 240ஐப் பெரும்பாலும் 12 உவோற்று வழியிலேயே, தொடர்ச்சியாக, தருமாறு அது ஆக்கப்பட்டது. ஆயிரக்கணக்கில் ஒரேயடியாக வாங்கும் வங்கிக்கும் அரச திணைக்களத்துக்கும் விற்கப்பட்ட பண்டம் அது. எண்ணைப் பெருப்பித்து ஏமாற்றினால் திருப்பியனுப்பும் பலம் அவர்களிடம் இருந்தது. அதன் வயது கவனிக்கத்தக்கது. பிற்கால மாதிரிகள் சிலவற்றின் இணைப்பிகள் வேறுபடுவதால் வேறு கணினிக்குப் பொருந்தாமலும் போகலாம். ஆயினும் மூவகையுள் எண்ணால் மிகச் சிறியது இதுவாக இருந்தும், சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறைந்ததும் இதுவே.

சான்றிதழ் பெற்ற இரண்டாவது வகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 80 பிளஸ் என்னும் திட்டம் அமெரிக்காவில் 2004இல் தொடங்கியது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்னும் படிகள் 2008இல் சேர்ந்தன. தங்கப் படிக்கு 115 உவோற்றுச் சோதனையில் 20, 50, 100 சதவீதச் சுமைகளில் முறையே 87, 90, 87 சதவீத வினைத்திறன் வேண்டும். வினைத்திறனாவது எடுத்த வலுவில் எத்தனை பங்கு பயனாகிறது என்பது. அளவீட்டில் அமைந்த இச்சான்றிதழை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் அது சொல்லாதவற்றை அதன்மேல் ஏற்றி வாசிக்கும் பழக்கம் விளம்பரங்களால் வளர்க்கப்பட்டுள்ளது. சோதனை 23 பாகையளவான அறையில், உற்பத்தியாளர் அனுப்பிய மாதிரிகளில் நடைபெறுகிறது. கல்முனையில் விசிறி இல்லாத கடையொன்றில் கணினிக் கூட்டின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டுதல் இயல்பு. காப்புச் சுற்றுகளின் தரம், கொள்ளளவியின் ஆயுள் ஆகியவை பற்றித் தங்கச் சின்னம் எதுவும் கூறுவதில்லை. கிகாபைற் நிறுவனத்தின் பி750ஜிஎம், பி850ஜிஎம் என்னும் மாதிரிகள் தங்கச் சான்றிதழ் பெற்றவை; அவற்றுள் சில சோதனையின்போது வெடித்ததாக விமர்சகர்கள் வெளிப்படுத்தியதன்பின், 2021 ஓகஸ்டில் அந்நிறுவனம் மிகைச்சுமைக் காப்பின் எல்லையை 120 முதல் 150 சதவீதம் என்றிருந்ததிலிருந்து 110 முதல் 120 சதவீதமாகக் குறைத்து, குறித்த தொடரிலக்கமுள்ள அலகுகளை மாற்றிக் கொடுக்கவும் முன்வந்தது. அவற்றின் வினைத்திறன் பற்றிய சான்றிதழ் பொய்யானது என்று எவரும் கூறவில்லை. இவற்றுக்கு அப்பால், அச்சின்னத்தை ஒத்த வட்டமும் எண்ணும் பொறித்த போலித் தாள்களும் உலவுகின்றன. சான்று பெற்ற மாதிரிகளின் பட்டியலை அத்திட்டத்தினர் பகிரங்கமாக வைத்துள்ளனர். கைத்தொலைபேசியில் தேடினால் ஐந்து நிமிடத்தில் ஐயம் தீரும்.

மேலட்டையிலுள்ள நிறுவனப் பெயரும் ஆக்கியோனின் பெயராக இருப்பதில்லை. கோர்செயர் என்ற பெயரில் விற்கப்பட்ட புகழ்பெற்ற அலகுகள் சிலவற்றைச் சீசொனிக் ஆக்கிற்று. அங்கு பெயர் மாறினும் பண்டம் தரமானதே. மலிவுச் சந்தையில் இதே ஏற்பாடு எதிர்விளைவைத் தருகிறது. ஒரு பெயர் கெட்டால் அடுத்த கொள்கலனில் வேறு பெயர் வரும். உற்பத்தியாளன், கொழும்பு இறக்குமதியாளன், பம்பலப்பிட்டியிலோ புறக்கோட்டையிலோ உள்ள மொத்த வணிகன், கல்முனைக் கடைக்காரர் என நீளும் சங்கிலியில் இறுதிக் கண்ணியே வாங்குபவரின் கோபத்தை முகத்துக்கு முகம் சந்திக்கிறது. அக்கடைக்காரரும் அந்தத் தாளைத்தான் வாசித்தார். அளக்கும் கருவி அவரிடமும் இல்லை.

மூலதனத்தின் முதல் தொகுதியில், முதல் அத்தியாயத்து அடிக்குறிப்பொன்றில், முதலாளித்துவ சமூகத்தில் வாங்குபவர் ஒவ்வொருவரும் பண்டங்களைப் பற்றிக் கலைக்களஞ்சிய அறிவுடையவர் என்ற கற்பிதம் நிலவுவதாக மார்க்ஸ் சுட்டுகிறார். மருதமுனையில் கைத்தறிச் சாரம் வாங்குபவரிடம் அவ்வறிவில் ஒரு பகுதியாவது மெய்யாகவே இருந்தது. நூலின் மென்மையை விரலால் அறிவார். துணியை வெளிச்சத்தில் பிடித்து நெசவின் நெருக்கத்தைப் பார்ப்பார். நெய்தவர் இரண்டு தெரு தள்ளி இருப்பார். உவாற்றுக்கு விரலும் இல்லை, வெளிச்சமும் இல்லை. சந்தைத் தராசைப் பொறுத்தவரை அரசு தலையிட்டது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டத்தின்கீழ் வணிகத் தராசும் படிக்கல்லும் பரிசோதிக்கப்பட்டு முத்திரையிடப்படுகின்றன. மீன் நிறுக்கும் தராசுக்கு முத்திரை உண்டு. பல்லாயிரம் ரூபாய்க் கணினியின் உயிர்நாடியான எண்ணுக்கு அது இல்லை.

இதனை வணிகரின் ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பேசுவது எம் பிரதேசத்தில் ஆபத்தானதுமாகும். அளவில் குறைப்போரைக் கண்டிக்கும் தனி அத்தியாயம் திருக்குர்ஆனில் உண்டு. 83ஆவதான அதனைக் கேட்டு வளர்ந்தோரே இங்குள்ள வணிகருட் பெரும்பாலோர். மறுபுறம், முஸ்லிம் வணிகர் ஏமாற்றுவோர் என்னும் இனவாதப் படிமம் இந்நாட்டில் நீண்டகாலமாக வளர்க்கப்பட்டு வந்துள்ளது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் கருத்தடை மருந்து கலந்திருப்பதாகக் கிளப்பப்பட்ட பொய்யைத் தொடர்ந்து உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாக்கட்டியே என்பதை அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் காட்டிற்று. பண்டத்தைப் பற்றிய பொய் இருதிசையிலும் பாயக்கூடியது. விற்பவனின் பொய்யை உடைப்பதும், விற்பவன்மீது சுமத்தப்படும் பொய்யை உடைப்பதும் அதே அளவீடுதான். அம்பாறையில் அளவீடு தாமதித்து வந்தது. அதற்குள் கடை தாக்கப்பட்டுவிட்டது.

பொய் எண்ணின் செலவை எவர் ஏற்கிறார் என்பதையும் கணக்கிடலாம். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை சென்றது. மின் போய் மீளும் ஒவ்வொரு முறையும் வடிகட்டியற்ற பெட்டி அடி வாங்கியது. ரூபாய் வீழ்ந்த அவ்வாண்டில் புதியது வாங்க வந்தோர் மீண்டும் மலிவானதையே நாடவேண்டியிருந்தது. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தது. பின்னர் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. கணினிக்கு 150 உவாற்று வேண்டும் எனக் கொண்டால், 70 சதவீத வினைத்திறனுள்ள பெட்டி சுவரிலிருந்து 214 உவாற்றை எடுக்கும். 88 சதவீதமுள்ளது 170ஐ எடுக்கும். நாளுக்கு 8 மணிநேரம் இயங்கும் ஒளிப்பிரதி நிலையத்தில் இவ்வேறுபாடு மாதத்துக்கு ஏறத்தாழப் பத்தரை அலகு. மலிவுப் பெட்டியின் விலையில் ஒரு பகுதி மாதாமாதம் மின்பட்டியலில் அறவிடப்படுகிறது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தவறாக வழிநடத்தும் வணிக நடத்தையையும் பொய்யான எடுத்துரைப்பையும் தடைசெய்கிறது. முறைப்பாட்டாளர் பொய் என்று காட்டுவதற்கு அளவீடு வேண்டும். முறையான மின்சுமைக் கருவி விலையுயர்ந்தது. எனினும் திருத்துநர் கையாளும் எளிய வழியொன்று உண்டு. மோட்டார் வாகன முன்விளக்கில் பயன்படும் 12 உவோற்று, 55 உவாற்று மின்குமிழ் ஒன்று ஏறக்குறைய 4.6 அம்பியரை இழுக்கும். மூன்றைப் பொருத்தினால் 13.75 அம்பியர், 15 அம்பியர் தருவதாகச் சொல்லும் வழிக்கு அது நியாயமான சோதனை. பெட்டியைத் திறக்கலாகாது, ஏனெனில் 325 உவோற்று ஏறிய கொள்ளளவி மின்னை நிறுத்திய பின்னரும் உயிர் பறிக்கவல்லது. வெளியிலுள்ள பெரிய இணைப்பியில் பச்சைக் கம்பியைக் கறுப்புடன் இணைத்தால் அலகு தொடங்கும். குளிர்ந்த இழை முதலில் மிகையாக இழுக்குமாதலால் மின்குமிழ்களை ஒவ்வொன்றாகவே ஏற்றவேண்டும். நியமம் அனுமதிக்கும் விலகல் 5 சதவீதம். அதாவது அளமானியில் 11.4 முதல் 12.6 உவோற்று வரை. அரை மணிநேரம் சூடேறவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். கடையொன்றில் இதற்கென ஒரு கொப்பி வைத்து மாதிரியின் பெயர், திகதி, ஏற்றிய சுமை, கண்ட உவோற்றளவு என நான்கு நிரல் வரைந்தால், மொத்த வணிகனிடம் அடுத்த தடவை விலை பேசச் செல்லும்போது கடைக்காரர் அந்தக் கொப்பியையும் எடுத்துச் செல்லலாம்.